எண்ணிக்கையைச் சொல்லாமல் என்ன நினைவேந்தல்?

மன்னாரின் முன்னாள் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகைக்கு வைத்த நினைவேந்தல் கூட்டத்தின் வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆளாளுக்கு எனக்கும் அனுப்பித் தள்ளிவிட்டீர்கள். எந்த மண்டபம், யார் ஏற்பாடு, யார் மைக்கைப் பிடித்தது என்றெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்கள் தேடிப் பிடித்துச் சண்டைக்குப் போக வேண்டாம். எனக்கு இருப்பது ஒரே ஒரு கேள்வி. ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகையை நினைவுகூர்கிறோம் என்று மேடையேறி அவ்வளவு நேரம் பேசியவர்களில் ஒருவருக்குக்கூட, போரின் முடிவில் கணக்கில் வராத சனம் என்று அவர் சொன்ன 146,679 என்ற எண் ஏன் வாயில் வரவில்லை?

எளிமையானவர் என்றார்கள். சரி. ஏழைகளின் நண்பர் என்றார்கள். அதுவும் சரி. சமாதானத் தூதுவர், நல்ல மேய்ப்பர், செபமே மூச்சு. எல்லாம் சரி ஐயா. இதையெல்லாம் எந்த ஆயர் செத்தாலும் சொல்லலாமே. பெயரை மட்டும் மாற்றினால் உலகத்தின் எந்த மறைமாவட்டத்திலும் வாசிக்கக்கூடிய உரைகள். அதற்கு மேல் ஒருவர் நா தழுதழுக்க, "ஆண்டகை அரசியலுக்கு அப்பாற்பட்டவர்" என்று முடிக்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு.

அரசியலுக்கு அப்பாற்பட்டவரைத்தான் 2012இல் குற்றப் புலனாய்வுத் துறையினர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்களா? அவரைக் கைது செய்யச் சொல்லித் தெற்கில் கத்தியவர்கள் என்ன, அவருடைய செபமாலையைப் பார்த்தா பயந்தார்கள்?

இளையவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். 2009இல் பள்ளிக்கூடம் போகாத வயதில் இருந்தவர்கள் இன்று வாக்குப் போடுகிறார்கள், அவர்களுக்கு யாராவது சொல்லத்தானே வேண்டும். 2011 ஜனவரியில், போரைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் போட்ட கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாரில் அமர்ந்தது. அதன் முன்னால் ஆண்டகை ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில், கடைசிப் போர் நடந்த வன்னியில் இருந்த சனம் 429,059. இது முல்லைத்தீவு, கிளிநொச்சிக் கச்சேரிகள், அதாவது அரசாங்கத்தின் மாவட்டச் செயலகங்கள், கொடுத்த தொகை. போர் முடிந்த பிறகு அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் என்று 2009 ஜூலையில் ஐ.நா. சொன்னது 282,380. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள். மிச்சம் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அவ்வளவுதான். சூடான வார்த்தை ஒன்றுகூட அந்தக் கேள்வியில் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கழித்தல் கணக்கு.

அந்தக் கழித்தலைச் செய்வதற்கு அன்றைக்கு இந்த நாட்டில் எத்தனை பேருக்குத் துணிவு இருந்தது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். 2011 ஜனவரி. யுத்த வெற்றிக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். எங்கள் அரசியல்வாதிகளே அளந்து அளந்து பேசிய காலம். ஊரில் ஒரு வீட்டில் விளக்கேற்றினால் அடுத்த நாள் வாசலில் ஆள் வந்து நிற்கும். அப்போது வெள்ளை அங்கியோடு போய், அரசாங்கத்தின் ஆணைக்குழுவுக்கு முன்னாலேயே, கச்சேரியின் கணக்கைத் தூக்கி வைத்துப் பதில் கேட்டவர் அவர்.

அவரை நினைவுகூரும் மேடையில் அந்தக் கணக்குக்கு மட்டும் இடமில்லை!

எனக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னுடைய பெரியம்மாவிடம் ஒரு துணிக்கடை பிளாஸ்டிக் பை இருக்கிறது. எழுத்தெல்லாம் அழிந்து, கைபிடி அறுந்து, கயிறு போட்டுக் கட்டிய பை. அதற்குள் காணாமல் போன அவருடைய மகனின், என் அண்ணனின், பிறப்புச் சான்றிதழ், செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த அட்டை, மனித உரிமை ஆணைக்குழுவின் பற்றுச்சீட்டு, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, ஒவ்வொரு ஜனாதிபதியும் போட்ட ஒவ்வொரு ஆணைக்குழுவும் அனுப்பிய கடிதங்கள், கடைசியாகக் காணாமல் போனோர் அலுவலகத்தின் ஒரு கடிதம். எல்லாவற்றுக்கும் மேலே சாதாரண தரப் பரீட்சைக்கு எடுத்த பாஸ்போர்ட் படம், அதே படத்தின் பிரதிகள் ஒரு கட்டு. மூலப் படத்தில் முகம் மங்கிவிட்டது. பிரதியில் இருக்கிற முகத்தை ஸ்டூடியோக்காரன் கொஞ்சம் வெள்ளையாக்கி வைத்திருக்கிறான். "என்ர பிள்ளை இவ்வளவு வெள்ளையில்லை" என்று பெரியம்மா ஒவ்வொரு முறையும் சொல்லுவார். ஓமந்தை இராணுவச் சோதனைச் சாவடியில் அவனை பஸ்ஸில் ஏற்றியதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அந்த பஸ் எங்கே போனது என்றுதான் யாருக்கும் தெரியாது.

அந்த வீடியோவை நான் பெரியம்மாவோடு இருந்துதான் பார்த்தேன். அவர் ஃபோனுக்குப் பக்கத்தில் குனிந்து கடைசி வரைக்கும் கேட்டார். முடிந்ததும், "ஆண்டகை சொன்ன அந்தத் தொகையை இவை சொல்லேல்லையே. மறந்து போச்சினமோ?" என்றார். மறக்கவில்லை பெரியம்மா என்று நான் சொன்னேன். மறந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

பெரியம்மாவுக்கு அந்தத் தொகை என்றால் என்ன தெரியுமா? மற்ற எல்லாக் கந்தோர்களிலும் அவருடைய மகன் ஒரு முறைப்பாட்டு இலக்கம். ஆண்டகை சொன்ன அந்தத் தொகைக்குள்தான் அவன் ஒரு ஆள். "அதில ஒண்டு என்ர பிள்ளை" என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு இடம் இருந்தது. அதைத்தான் நீங்கள் நாகரிகமாக மேடையிலிருந்து இறக்கி விட்டிருக்கிறீர்கள்.

இப்போது பின்னூட்டத்தில் வருவார்கள், தெரியும். முதலாவது ஆள்: "இறந்தவரின் நினைவு நாளில் அரசியல் எதற்கு?" ஐயா, 2006 ஜூனில் மன்னாரின் பேசாலைக் கோயிலுக்குள் தஞ்சம் புகுந்திருந்த சனத்தின் மேல் கைக்குண்டு வீசினார்களே, அது அரசியலா, பங்கு வேலையா? அதே மாதம் வங்காலையில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பத்தையே கொன்றுபோட்டார்களே? 2007 ஜனவரி 2ஆம் திகதி இலுப்பைக்கடவை படகுத்துறையில் விமானம் குண்டு போட்டு 15 பேர் செத்தபோது, அங்கே இருந்தது இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்கள் என்று சொன்னாரே, அப்போது ஆண்டகை வாயை மூடிக்கொண்டு பூசை மட்டும் வைத்திருக்க வேண்டும் என்கிறீர்களா? அவருடைய மறைமாவட்டத்துக் குரு பாக்கியரஞ்சித் அடிகளார் நிவாரண வேலையாகப் போகும் வழியில் 2007 செப்டெம்பரில் கிளைமோர்க் கண்ணிவெடியில் கொல்லப்பட்டார். தன் சொந்தக் குருவின் உடலை அடக்கம் செய்த ஆயரிடம் போய் அரசியல் பேசாதீர்கள் என்று சொல்ல எந்த முகம் வேண்டும்?

அடுத்த ஆள்: "அந்த எண் மிகைப்படுத்தப்பட்டது." மிகையோ குறையோ, கச்சேரிக் கணக்கும் ஐ.நா. கணக்கும்தானே? பிழை என்றால் கச்சேரியிடம் கேளுங்கள். ஐ.நா. நிபுணர் குழு 2011இல் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றது. அடுத்த வருடம் ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கை 70,000க்கும் மேற்பட்டவர்கள் கணக்கில் இல்லை என்றது. தொகைகள் ஒத்துப்போகவில்லை என்பது உண்மைதான். அதற்காகத்தானே அவர் கேட்டார்? எல்லோரும் செத்துவிட்டார்கள் என்றா சொன்னார்? கணக்குக் காட்டு என்றார். கணக்குக் காட்டினால் முடிந்தது விஷயம். இன்றைக்கு வரைக்கும் காட்டவில்லை.

மூன்றாவது ஆள், "புலிகளின் ஆயர்." இதற்கு நான் பதில் எழுதி நேரத்தை வீணாக்கப் போவதில்லை. மடு மாதா திருத்தலத்தைப் போர் இல்லாத இடமாக இரண்டு பக்கமும் மதிக்க வேண்டும் என்று கேட்டவர் அவர். 1999 நவம்பரில் மடுக் கோயில் வளாகத்துக்குள் ஷெல் விழுந்து கிட்டத்தட்ட நாற்பது பேர் செத்ததைப் பார்த்தவர். 2008 ஏப்ரலில் மடு மாதாவின் சுரூபத்தையே தூக்கிக்கொண்டு குருக்கள் தேவன்பிட்டிக்குப் போக வேண்டி வந்ததே, அந்த நாளில் மன்னாரில் கண்ணீர் விடாத கிழவிகள் இல்லை. இதில் எந்தப் பக்கம் என்று முத்திரை குத்துவது?

ஒரு விமர்சனத்தை மட்டும் நான் இப்படித் தட்டிவிட மாட்டேன். மன்னாரில் என்னுடைய முஸ்லிம் நண்பர்கள் சிலர் ஆண்டகையைப் பற்றி வேறு மாதிரித்தான் கதைப்பார்கள். 1990 ஒக்டோபரில் புலிகள் அவர்களை வடக்கிலிருந்தே துரத்தினார்கள். திரும்பி வந்த பிறகு காணி விஷயங்களில் தங்களுக்கு அவர் போதுமான அளவு குரல் கொடுக்கவில்லை என்ற குறை அவர்களிடம் இருக்கிறது. அதை அவர்கள் சொல்லட்டும், நான் இடையில் புகுந்து சமாதானம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மேடையில் இருந்தவர்கள் இந்தக் காரணத்துக்காகவா அடக்கி வாசித்தார்கள்? முஸ்லிம்களைப் பற்றியும்தான் ஒரு வார்த்தை இல்லை.

"கோயில் ஆன்மீகத்தைப் பார்க்கட்டும்" என்று எழுதிய தம்பிக்கு ஒன்று கேட்கிறேன். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்கு உண்மை வேண்டும், நீதி வேண்டும் என்று கொழும்புப் பேராயரான கர்தினால் கேட்கிறார். நியாயமான கேள்வி. நூறு வீதம் அவர் பக்கம் நான். 2022 மார்ச்சில் ஜெனீவாவுக்கே போய் மனித உரிமைகள் பேரவையில் பேசினார். அதற்கும் கைதட்டினேன். கர்தினால் அரசியல் செய்கிறார் என்று நீ எழுதினாயா தம்பி? இல்லையே. பத்து வருடத்துக்கு முன், 2012இல், அதே ஜெனீவாவுக்கு மன்னார் ஆயர் வடக்கின் குருக்களோடு சேர்ந்து ஒரு கடிதம் எழுதினார். அதற்குத் துரோகி என்று பெயர் வைத்தார்கள். ஒரே கதவைத் தட்டியவர்களில் ஒருவர் நீதி கேட்பவராம், மற்றவர் நாட்டைக் காட்டிக்கொடுத்தவராம். வித்தியாசம் என்ன என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்.

எங்கள் கட்சிக்காரரையும் விட மாட்டேன். உயிரோடு இருந்தபோது எல்லாத் தமிழ்க் கட்சிகளையும் ஒரு மேசையில் இருத்துவதற்கு அந்த மனிதர் பட்ட பாடு கொஞ்சமா? தமிழ் சிவில் சமூக அமையத்துக்குத் தலைமை தாங்கி, எத்தனை கூட்டம், எத்தனை அறிக்கை. இவர்கள் ஆயர் இல்லத்துக்கு வந்து தேத்தண்ணி குடித்து, படம் எடுத்து, ஒற்றுமை என்று தலையாட்டிவிட்டு, வெளிவாசல் தாண்டியதும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். இன்றைக்கு அதே ஆட்கள் முன்வரிசையில் உட்கார்ந்து மாலை போடுகிறார்கள். மன்னாரின் முள்ளிக்குளத்து மக்கள் 2007இல் ஊரை விட்டு வந்தவர்கள், ஊருக்குள் கடற்படை போய் உட்கார்ந்துகொண்டது. 2017இல் அந்தச் சனம் ரோட்டில் கிடந்துதான் கொஞ்சக் காணியாவது விடுபட்டது. மீதியைப் பற்றி மாலை போட்டவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆண்டகை நெடுந்தீவில் 1940இல் பிறந்து, 1992இல் மன்னாருக்கு ஆயராக வந்தவர். எனக்கு உறுதிபூசுதல் தந்தவரும் அவர்தான். நெற்றியில் பூசிய எண்ணெயின் வாசத்தைத் தவிர அன்றைக்கு நடந்த எதுவும் ஞாபகமில்லை, ஆண்டகை என்றால் பெரிய ஆள் என்ற பயம் மட்டும் இருந்தது. உடல் முடியாமல் 2016 ஜனவரியில் ஓய்வு பெற்று, 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழன் அன்று போய்ச் சேர்ந்தார். செபஸ்தியார் பேராலயத்தில் அடக்கம். கொரோனாக் காலத்திலும் எவ்வளவு சனம் என்று அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். அந்தச் சனம் எளிமையான மனிதர் ஒருவரைப் பார்க்க மட்டுமா வந்தது? பிளாஸ்டிக் பையோடு வந்த தாய்மார் எத்தனை பேர்!

நான் சொல்வதைத் திரிக்க வேண்டாம். அவருக்குக் கூட்டம் வைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் வையுங்கள். பாட்டுப் பாடுங்கள், சிலை வேண்டுமானாலும் வையுங்கள். ஆனால் அவர் கேட்ட கேள்வியைக் கேட்கப் பயமாக இருந்தால், பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அதை நான் மதிப்பேன், இந்த நாட்டில் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. பயத்துக்கு "அரசியலுக்கு அப்பாற்பட்டவர்" என்று பட்டுத்துணி போர்த்தி எங்களுக்கு விற்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. ஏற்பாட்டுக்காரர்களில் ஒருவர் நேற்று உள்பெட்டியில் வந்து, மனம் நொந்திருந்தால் மன்னித்துக்கொள், நினைவு மலர் ஒன்று போடுகிறோம், இரண்டு பக்கம் எழுதித் தா, "சர்ச்சை இல்லாமல்" என்று கேட்டிருக்கிறார். நான் புதிதாக ஒன்றும் எழுதப் போவதில்லை. 2011இல் அவர் ஆணைக்குழுவிடம் கொடுத்த சமர்ப்பணத்தின் பிரதியை அப்படியே அனுப்பி வைக்கிறேன். மலர் வந்ததும் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று இங்கேயே படம் போடுகிறேன்.