அவசரத்தில் இருந்த நல்ல அரசன்

"தவறு செய்யாதவன் எதற்குப் பயப்பட வேண்டும்?" அரசின் கையைச் சட்டத்தால் கட்டிவைப்பது பற்றிப் பேச்சு வந்தாலே என் நண்பர் ஒருவர் இந்தக் கேள்வியை எடுத்துப் போடுவார். வாக்களித்து நாமே உட்காரவைத்த ஆட்சி. அதற்கு நாமே நூறு முட்டுக்கட்டை போட்டால் காரியம் எப்படி நடக்கும் என்பது அவருடைய வாதம். அவரை ஏளனம் செய்ய எனக்குத் தகுதியில்லை. எனக்குப் பிடித்த கட்சி ஆட்சியில் இருந்தபோது ஏறக்குறைய இதையே நான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். அப்போது எரிச்சலடைந்தவர் அவர்.

இந்த முறை அவருக்குக் கோவலன் கதையை நினைவுபடுத்தினேன்.

கோவலன் தவறு செய்யாதவன். மனைவியின் சிலம்பை விற்கப் போனான். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனிடமே போய் மாட்டிக்கொண்டான். இது நமக்கு மனப்பாடம். ஆனால் அந்த நேரத்தில் பாண்டியன் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை நாம் கவனிப்பதில்லை. அவன் கொடுங்கோலன் அல்லன். அரசி ஊடல்கொண்டு, தலைவலி என்று சொல்லி எழுந்துபோய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்தப் போகும் வழியில் பொற்கொல்லன் வந்து காலில் விழுகிறான். சிலம்பு அவன் கையில் இருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்று காவலரிடம் சொல்லிவிட்டு அரசன் நடையைக் கட்டுகிறான். ஒரே ஒரு வாக்கியம். மனைவியின் கோபம் தணியவேண்டுமே என்ற கவலையில் இருந்த ஒரு நல்ல மனிதன் போகிறபோக்கில் சொன்னது.

அதைவிட என்னை உறுத்துவது காவலர்களின் தயக்கம். கோவலனைப் பார்த்ததும், இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று அவர்களுக்கே தோன்றுகிறது; வாய்விட்டும் சொல்கிறார்கள். பொற்கொல்லன் ஏதேதோ பேசி மழுப்புகிறான். அவர்கள் இன்னும் தயங்கிக்கொண்டிருக்கும்போதே குடிவெறியில் இருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். காவலர்களுக்குச் சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகத்தைக் கொண்டுபோய்ச் சொல்ல ஓர் இடம் இல்லை. யாரிடமாவது கேட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒரு நாடு அரசியலமைப்பை எழுதி வைத்துக்கொள்வது முதன்மையாக அந்த இடத்தை உண்டாக்கத்தான் என்று நான் நினைக்கிறேன். கெட்டவன் ஆட்சிக்கு வந்துவிடுவானோ என்ற பயம் அதற்கு ஒரு பாதிக் காரணம் மட்டுமே. அவசரத்தில் இருக்கும் நல்லவனுக்கும் அது தேவை.

இங்கிலாந்தில் 1215-இல் ஜான் மன்னனை மடக்கி மாக்னா கார்ட்டாவில் முத்திரை பதிக்கவைத்த பிரபுக்கள் ஊருக்கு உழைத்த உத்தமர்கள் அல்லர். வரியும் பறிமுதலும் தங்கள் தலைக்கு வந்ததால் கிளம்பியவர்கள். ஆனாலும் அதன் 39-ஆவது பிரிவில், நாட்டின் சட்டப்படியோ நிகரானவர்களின் தீர்ப்புப்படியோ அல்லாமல் சுதந்திரமான எந்த மனிதனையும் பிடிக்கவோ சிறையில் அடைக்கவோ கூடாது என்று எழுதிவைத்தார்கள். இரண்டே மாதத்தில் போப்பாண்டவர் அந்த ஆவணம் செல்லாது என்று அறிவித்துவிட்டார். அடுத்த ஆண்டு ஜான் இறந்தபின் அது திருத்தங்களோடு மறுபடி வெளியிடப்பட்டது. 1217-இலும் 1225-இலும் இன்னும் இரண்டு முறை. ஒருமுறை மன்னன் வாயிலிருந்து வாங்கிய வாக்குறுதியை மக்கள் லேசில் மறக்கவில்லை.

இந்திய அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு இன்னும் கறாரானது. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இதை எழுதிய அவையில் பலர் ஆங்கிலேயரின் சிறைகளில் இருந்துவிட்டு வந்தவர்கள். அதே பிரிவின் பிற்பகுதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும்: தடுப்புக்காவலில், அதாவது இனிமேல் குற்றம் செய்யக்கூடும் என்று முன்கூட்டியே, வைக்கப்படுபவருக்கு இந்த 24 மணி நேர விதி கிடையாதாம். சிறைப்பட்டவர்களே ஆட்சிக்கு வரும்போது சாவியின் மேல் ஆசை வந்துவிடுகிறது. அரசியலமைப்பை எழுதுகிறவர்களுக்கும் அரசியலமைப்பு தேவைப்படுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. கைதானவர்கள், தங்கள் காவல் சட்டப்படியானதா என்று விசாரிக்கக் கேட்கும் ஆட்கொணர்வு மனுவோடு உயர் நீதிமன்றங்களுக்குப் போனார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள், நாங்கள் விசாரிக்கலாம் என்றன. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே நீதிபதி எச்.ஆர். கன்னா அரசின் தலைமை வழக்கறிஞரிடம் ஒரு கேள்வி கேட்டார்: ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லையா? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்ற பொருளில் பதில் வந்தது. 1976 ஏப்ரல் 28 அன்று ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அரசின் பக்கம் தீர்ப்பளித்தார்கள். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் பணிமூப்பில் இளையவர் ஒருவருக்குப் போனது. கன்னா பதவி விலகினார்.

1978-இல் நிறைவேறிய 44-ஆவது திருத்தம், உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்பான 21-ஆவது பிரிவை அமலாக்கும்படி நீதிமன்றத்தை நாடும் உரிமையை நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாது என்று ஆக்கியது. 1976-இன் தீர்ப்பைத் தவறு என்று உச்ச நீதிமன்றமே சொல்ல 2017 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்படி எழுதிய நீதிபதிகளில் ஒருவரான டி.ஒய். சந்திரசூட், 1976-இல் அரசின் பக்கம் நின்ற நால்வரில் ஒருவரின் மகன்.

சரி, எழுதிவைத்தால் போதுமா? போதாது. ஸ்டாலின் காலத்து 1936-ஆம் ஆண்டு சோவியத் அரசியலமைப்பின் 127-ஆவது பிரிவும், நீதிமன்ற முடிவோ அரசு வழக்குத் தலைவரின் ஒப்புதலோ இல்லாமல் யாரையும் கைது செய்யக் கூடாது என்றுதான் சொன்னது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் லட்சக்கணக்கானவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எழுத்தில் குறையில்லை. "கூடாது" என்று சொல்லிவிட்டு உயிரோடு வீட்டுக்குப் போகக்கூடிய நீதிபதி அங்கே இல்லை. கன்னாவுக்குப் பதவி போயிற்று. தலை போகவில்லை, அவருடைய மறுப்பும் அச்சில் நின்றது. இரண்டு நாடுகளுக்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவுதான். அது சின்னத் தூரம் இல்லை.

நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "மக்களே அதிகாரம் கொடுத்தால்?" என்றார். ஹிட்லர் பதவிக்கு வந்திருந்த ஜெர்மனியில் 1933 பிப்ரவரி 28 அன்று பேச்சுரிமையையும் தனிமனித சுதந்திரத்தையும் நிறுத்திவைத்த ஆணை, அந்த நாட்டு அரசியலமைப்பே 48-ஆவது பிரிவில் கொடுத்திருந்த அதிகாரத்தின்கீழ் வந்தது. அடுத்த வாரமே தேர்தலும் நடந்தது. போருக்குப் பின் 1949-இல் புதிதாக எழுதியபோது, மனித மாண்பைக் காக்கும் அடிப்படையை எந்தப் பெரும்பான்மையாலும் திருத்த முடியாது என்று பூட்டிவைத்தார்கள். கோபத்தில் இருக்கும் பெரும்பான்மையும் பாண்டியனைப் போலத்தான். அதற்கும் போகிறபோக்கில் ஒரு வாக்கியம் போதும்.

கடைசியில் அவர் வேறு பக்கமாக வந்தார். "பாண்டியனைக் குறை சொல்கிறாய். தவறு தெரிந்த கணமே உயிரை விட்டானே, எந்தச் சட்டப் புத்தகம் அப்படி ஒரு நீதியைக் கொடுக்கும்?"

அழகான கேள்வி. அரசனின் மனச்சாட்சி அங்கே உண்மையிலேயே வேலை செய்தது. அது வேலை செய்தபோது கோவலன் செத்துப்போயிருந்தான். பிறகு மதுரை எரிந்தது. அதோடும் முடியவில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், அடுத்துப் பட்டத்துக்கு வந்த பாண்டியன், கண்ணகியின் சினம் தணிக்கச் சாந்தி செய்தான் என்று சிலப்பதிகாரத்தின் முன்பகுதியான உரைபெறு கட்டுரை சொல்கிறது. ஆயிரம் பொற்கொல்லர்களைக் கொன்று.

திருடியவன் ஒருவன். அந்த ஆயிரம் பேரில் எவரையாவது அழைத்து விசாரித்ததாக அங்கே ஒரு வரியும் இல்லை.