கேட்டட் கம்யூனிட்டியாம்!

நேத்து ராத்திரியிலேர்ந்து அந்த போஸ்ட்ட எனக்கு அனுப்பிக்கிட்டே இருக்கீங்க. பாத்துட்டேன். மலாயாவுல காட்டுல இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாங்களுக்கு உதவி போகாம தடுக்க, வெள்ளைக்காரன் ஜனங்கள முள்வேலிக்குள்ள குடியேத்தின இடம்தான் புதுக்கிராமம். 1950கள்ல எடுத்த அந்த முள்வேலி போட்டோவப் போட்டு "அந்தக் காலத்து கேட்டட் கம்யூனிட்டி, அப்பல்லாம் ஒழுங்கு இருந்துச்சு"ன்னு ஒரு பெரிய மனுஷர் எழுதியிருக்காரு, அதுக்கு நம்மாளுங்களே ஹார்ட் வேற. நான் போட்ட கமெண்ட்ட தூக்கிட்டாங்க, அதனால இங்க எழுதறேன்.

கேட்டட் கம்யூனிட்டின்னா வெளியில இருக்கறவன் உள்ள வராம இருக்க வேலி. 1948 ஜூன்ல மலாயாவுல வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டானே, அந்த வேலி உள்ள இருக்கறவன் வெளிய சோறு கொண்டு போகக்கூடாதுன்னு போட்ட வேலி. இந்த வித்தியாசம் புரியலன்னா மேல படிக்காதீங்க.

எங்க பாட்டி பேராக்ல ஒரு ரப்பர் தோட்டத்துல மரத்தக் கீறிப் பால் எடுத்தவங்க. அங்கயும் இதே வேலிதான். கர்பியூ முடிஞ்சாத்தான் கேட் திறப்பான். வெயில் ஏறுறதுக்குள்ள வெட்டினாத்தான் மரம் நல்லா பால் குடுக்கும், லேட்டானா பாலும் குறையும் சம்பளமும் குறையும். அந்த நஷ்டத்த எந்தத் துரை குடுத்தான்? கேட்ல பொம்பளைங்கள பொம்பளைங்களே தடவிப் பாப்பாங்க. இடுப்புத் துணி, கொண்டை, பால் வாளி, ஒண்ணும் விடமாட்டாங்க. ஒரு நாள் மடியில ரெண்டு பிடி சோத்த முடிஞ்சு கொண்டு போயிருக்காங்க, புள்ளத்தாச்சி வேற, பசி தாங்கல. அத அவுத்து மண்ணுல கொட்டச் சொல்லிட்டு, மத்தவங்க பாக்க காலால மிதிச்சான் ஒருத்தன். அதுலேர்ந்து கேட் திறக்கறதுக்கு முன்னாடியே இருட்டுல எந்திரிச்சு வயித்துல அடைச்சுக்கிட்டுத்தான் போவாங்க. சாகற வரைக்கும் எங்க வீட்ல யாரும் தட்டுல சோறு மிச்சம் வைக்க முடியாது, அப்படி ஒரு பார்வை பாப்பாங்க.

அது பாதுகாப்பு இல்லங்க. தண்டனை.

"காட்டுல இருக்கறவனுக்கு சாப்பாடு போகாம தடுக்கத்தானே?" ஆமா, அதுக்குத்தான், யார் இல்லன்னா. டின் சாமான் வித்தா கடைக்காரர் அங்கயே ஓட்டை போட்டுக் குடுக்கணும், சேத்து வைக்க முடியாம. சில இடத்துல சமைக்காத அரிசியே கையில குடுக்கல, பொது அடுப்புல வடிச்ச சோறுதான், ஏன்னா நம்ம வெயிலுக்கு மறுநாளே ஊசிப்போயிடும், காட்டுக்கு அனுப்ப முடியாது. மூளையான ஆளுங்கதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த மூளை யார் வயித்து மேல வேலை செஞ்சுச்சு? 1952ல தஞ்சோங் மாலிம் பக்கம் கம்யூனிஸ்டுங்க பதுங்கித் தாக்கினதுல 12 பேர் செத்தாங்க. அதுக்கு மலாயாவுல பிரிட்டிஷ் ஹை கமிஷனரா இருந்த டெம்ப்ளர் என்ன செஞ்சாரு? ஊர் முழுக்க 22 மணி நேரம் கர்பியூ, அரிசி ரேஷன் பாதியா வெட்டு. சுட்டவன் காட்டுல, பட்டினி கிடந்தது ஊர்ல இருந்த குழந்தைங்க. மக்கள் இதயத்தையும் மனசையும் ஜெயிக்கணும்னு பேசினவரும் இதே டெம்ப்ளர்தான்.

அடுத்து வருவாங்க, "கம்யூனிஸ்ட் மட்டும் யோக்கியமா"ன்னு. இல்ல. தோட்டத்துல மண்டோர, அதாவது மேஸ்திரிய, கொன்னாங்க, மரத்தையெல்லாம் வெட்டிச் சாய்ச்சாங்க, ஐசிய, அதாவது அடையாள அட்டைய, பிடுங்கி எரிச்சாங்க. போதுமா? இத சொல்லிட்டா வேலி நல்லதாயிடுமா?

"தண்ணி, லைட், ஸ்கூல் எல்லாம் வந்துச்சே." 5 லட்சம் பேர் கிட்ட வீட்ட விட்டுக் கிளப்பி லாரியில ஏத்தி, நிறைய பேர் குடிசைய எரிச்சுட்டு, அப்புறம் ஒரு பைப் போட்டுக் குடுத்தான். நன்றி சொல்லுங்க.

எனக்கு உண்மையிலேயே வலிச்சது இன்னொரு கமெண்ட். "இது சீனங்க பிரச்சினை, நம்மள ஒண்ணும் பண்ணல." அதிகமா அடிபட்டது சீனங்கதான், மறுக்கல. பத்தாங் காலிங்கற ஊர்ல 1948 டிசம்பர்ல பிரிட்டிஷ் சிப்பாயிங்க ஆயுதமே இல்லாத 24 பேர சுட்டானுங்க, 2015ல லண்டன் உச்ச நீதிமன்றம் கூட விசாரணைக்கு உத்தரவு போட முடியாதுன்னு முடிச்சுது. ஆனா நம்மள ஒண்ணும் பண்ணலையா? எஸ்.ஏ. கணபதி யாரு? தஞ்சாவூர்ப் பக்கத்துலேர்ந்து வந்த தமிழன், அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்துக்குத் தலைவர். துப்பாக்கி வச்சிருந்தாருன்னு, சுட்டாருன்னு இல்ல, வச்சிருந்தாருன்னு, 1949 மே 4ந் தேதி கோலாலம்பூர் புடு ஜெயில்ல தூக்குல போட்டாங்க. நேரு அரசாங்கம் கேட்டும் விடல. அதே மாசம் வீரசேனன சுட்டுக் கொன்னாங்க, அவரும் தொழிற்சங்கக்காரர்தான். அந்த சம்மேளனத்தையே தடை பண்ணிட்டாங்க. தோட்டத்துல கூலி கேட்டுக் கூடி நின்ன ஒரு தலைமுறை வாயடைச்சுப் போச்சு. எங்க தாத்தா யூனியன் பேச்செடுத்தாலே கதவச் சாத்துவாரு. 70கள்ல கூட! அந்த பயத்த யார் குடுத்தது, கம்யூனிஸ்ட்டா?

நம்மள ஒண்ணும் பண்ணலையாம். தாத்தா பேர சொல்லி ஊர்ல தலை நிமிந்து நடக்கறவங்க, அவரு வாயில்லாம வாழ்ந்தத மறந்துட்டாங்க.

"தப்பு செய்யலன்னா என்ன பயம்"னு ஒரு தம்பி கேட்டிருந்தீங்க. தம்பி, விசாரணை இல்லாம உள்ள வைக்கற சட்டத்துல தப்பு செஞ்சியா இல்லையான்னு யார் கேக்கப் போறா? 1960 ஜூலை 31ந் தேதி அவசரகாலம் முடிஞ்சுதுன்னு அறிவிச்சாங்க, மறுநாளே ஐ.எஸ்.ஏ. வந்துருச்சு, விசாரணை இல்லாம உள்ள வைக்கற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம். வெள்ளைக்காரன் போயி மூணு வருஷம் ஆச்சு, அவன் வச்சிருந்த சாவிய நம்மாளுங்க பத்திரமா எடுத்து வச்சுக்கிட்டாங்க. 1987ல ஓப்பராசி லாலாங்னு கூட்டமா ஆளுங்களப் பிடிச்சு உள்ள போட்டப்பவும் அந்த சாவிதான். 2007 டிசம்பர்ல, மலேசிய இந்தியர் உரிமை கேட்டுத் தெருவுல இறங்கின ஹிண்ட்ராஃப் இயக்கத் தலைவர்ங்க அஞ்சு பேர உள்ள தள்ளுனதும் அதே சாவி. அப்ப தெருவுல நின்ன நம்ம ஜனம்தானே இப்ப முள்வேலிக்கு ஹார்ட் போடுது? 2012ல ஐ.எஸ்.ஏ. போயி சொஸ்மாங்கற புது பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, அதுல 28 நாள் கோர்ட்டுக்குக் கொண்டு போகாமலே வச்சிருக்கலாம். ஒழுங்கு வேணும்னு கேக்கறவங்க உங்க வீட்டுப் பையன அந்த 28 நாள் உள்ள வச்சுட்டு வந்து பேசுங்க.

தேதி ஏதாச்சும் தப்புன்னா சொல்லுங்க, திருத்திக்கறேன். "பழசக் கிளறாதீங்க"ன்னு வர்றவங்கள மட்டும் பிளாக் பண்ணிடுவேன், முன்னாடியே சொல்லிட்டேன், இந்த வாரம் எனக்கு பொறுமை இல்ல.