ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றினால் மைலேஜ் கூடாது

“பி.எஸ்.6 பைக்கில் சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றிவிடுங்கள், மைலேஜ் கூடும்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது (பி.எஸ்.6 என்பது வண்டிப் புகைக்கான அரசின் மாசு விதி). இது தவறு.

புகையில் மீந்திருக்கும் ஆக்ஸிஜனை அளந்து சொல்வதே அந்த சென்சாரின் வேலை. அதை வைத்துத்தான் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினியான இசியு, ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று (எடைக் கணக்கில்) என்ற விகிதத்தைக் காக்கிறது. சென்சார் இல்லையென்றால் இசியு கண்ணைக் கட்டிக்கொண்டு பெட்ரோலைத் தெளிக்கிறது. பெரும்பாலும் தேவைக்கு மேலேயே தெளிக்கும். மைலேஜ் குறையும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். எரியாத பெட்ரோல், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதை மாற்றும் செலவு சென்சாரின் விலையைவிடப் பல மடங்கு.

மீட்டரில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் புது சென்சார் வாங்கவும் ஓடாதீர்கள். வயர் அறுந்தாலும், சைலன்சரில் கசிவு இருந்தாலும் அதே விளக்கு எரியும். கோளாறைக் காட்டும் ஸ்கேனர் கருவியை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சந்தேகமிருந்தால் வண்டியோடு வந்த கையேட்டைப் புரட்டுங்கள், அல்லது நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியவரிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.