முப்பது நாளில் நாவல் எழுதினால் சிரிக்க வேண்டுமா?

சனிக்கிழமை இலக்கியக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பெயரெல்லாம் வேண்டாம். "ஒரே மாசத்துல நாவலா? அது நாவல் இல்லம்மா, டைப்பிங் பயிற்சி" என்று மேடையிலிருந்து ஒருவர் சொன்னார். அரங்கமே சிரித்தது. ஒரு மாதத்தில் நாவல் எழுதியதைப் பற்றிக் கேள்வி கேட்ட பெண் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாளாக எனக்கு மனசு ஆறவில்லை.

நவம்பர் மாதத்தின் முப்பது நாளில் 50,000 சொல்லில் ஒரு நாவல் எழுதும் சவால் ஒன்று உண்டு, 'நானோரைமோ' (NaNoWriMo) என்று பெயர். அதில் எழுதுகிறவர் யாரும் முப்பத்தோராம் நாள் அதை அச்சுக்கு அனுப்பச் சொல்வதில்லை. கையில் இருப்பது முதல் வரைவு. அது கரடுமுரடாக இருக்கும், ஆனால் கதையின் மறுகரை வரை போயிருக்கும். மறுகரையைப் பார்த்தவருக்கு மட்டும் கிடைக்கிற ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஏழு வருஷம் நான் ஒரே நாவலின் முதல் அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். இரண்டாம் அத்தியாயம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அப்புறம் ஒரு நவம்பரில் இந்தச் சவாலில் இறங்கினேன். தினம் 1,667 சொல். எட்டாம் நாள் காய்ச்சலில் படுத்து மூன்று நாள் போயிற்று. எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால், மீதி இருபது நாளும் தினம் 250 சொல் கூடுதலாக எழுதினால் போதும். அவ்வளவுதானா என்றிருந்தது. ஏழு வருஷமாக மலையாகத் தெரிந்தது அன்றைக்குத்தான் தினக்கூலி வேலை மாதிரி கண்ணுக்குத் தெரிந்தது.

பத்தொன்பதாம் நாள் இரவு எழுத ஒன்றுமே இல்லை. எண்ணிக்கை ஆக வேண்டுமே என்று, கதையில் ஓரமாக வந்துபோகும் பெரியம்மாவைச் சமையலறையில் உட்காரவைத்து எழுதினேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு சாவி. எந்தப் பூட்டுக்கு என்று எனக்கே தெரியாது. அந்தச் சாவியைத் துரத்திக்கொண்டு போனதுதான் நாவலின் பின்பாதி முழுவதும். முடித்த பிறகு, ஏழு வருஷம் இழைத்த முதல் அத்தியாயத்தைத் தூக்கிப் போட்டேன். அது வேறு ஏதோ கதையின் தொடக்கம். கடைசி அத்தியாயம் தெரியாமல் முதல் அத்தியாயத்தை எப்படித் திருத்த முடியும்?

"அவசரத்தில் எழுதினால் தரம் வருமா?" என்பீர்கள். 1866இல் தஸ்தயேவ்ஸ்கி 'சூதாடி'யை அன்னா என்ற சுருக்கெழுத்தாளரிடம் 26 நாளில் சொல்லி முடித்தார். கெடு தவறினால் ஒன்பது வருஷத்துக்கு அவர் எழுத்தின் உரிமையெல்லாம் பதிப்பாளருக்குப் போயிருக்கும். "அவர் மேதை, நீ யார்?" சரி, நான் மேதை இல்லை. அப்படியென்றால் எனக்குக் கெடு இன்னும் அதிகமாகத்தானே தேவை? எரின் மார்கன்ஸ்டெர்னின் 'தி நைட் சர்க்கஸ்' இந்தச் சவாலில் முளைத்ததுதான். பிறகு பலமுறை திருத்தி எழுதி 2011இல் புத்தகமாக வந்தது. முதலில் வேகம், பிறகு நிதானம். இரண்டும் வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன்.

"சொல்லை எண்ணுவது இலக்கியமா?" இல்லை. நாற்காலியில் உட்காரவைக்க ஒரு வழி, அவ்வளவே.

"1999இல் 21 பேரோடு தொடங்கிய, இந்தச் சவாலை நடத்திவந்த நானோரைமோ அமைப்பே 2025இல் மூடப்போவதாக அறிவித்துவிட்டதே?" அமைப்பு போகட்டும். ஒரு மாதத்துக்கு முப்பது நாள் இன்னும் இருக்கிறது.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வாக்கியமாகச் செதுக்கி நகர்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் அப்படியே எழுதட்டும். ஆனால் பத்து வருஷம் ஒரு நாவலோடு இருக்க யாரால் முடியும் என்று யோசித்தீர்களா? பகலெல்லாம் வேலை, வீட்டில் குழந்தை, படுக்கையில் மாமியார். இப்படி இருக்கிறவள் வீட்டாரிடம் "எனக்கு ஒரு மாசம் கொடுங்கள்" என்றுதான் கேட்க முடியும். வருஷக்கணக்கில் கேட்டால் யார் கொடுப்பார்கள்? அந்த ஒரு மாதத்தையும் பார்த்துச் சிரிப்பீர்கள் என்றால், உங்களுக்குப் பிரச்சினை வேகமா, அல்லது இவளெல்லாம் எழுத வந்துவிட்டாள் என்பதா? கோபத்தில்தான் கேட்கிறேன், இருக்கட்டும். அவள் எழுதியதில் ஒரு பக்கமாவது படித்துவிட்டுச் சொல்லியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன்.

நேற்று இரவு, கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தப் பெண் போன் செய்தாள். "அக்கா, எல்லாத்தையும் அழிச்சிடட்டுமா?" என்றாள். குரல் கம்மியிருந்தது. "அழிக்காதே. ஆறு வாரம் திறக்காமல் வை, அப்புறம் அச்செடுத்துக் கையில் பேனாவோடு படி. அதுவரை எனக்கு ஒரு பிரதி அனுப்பு" என்றேன். காலையில் வந்துவிட்டது. 52,000 சொல். இருபது பக்கம் படித்திருக்கிறேன். ஒரு கிழவர் பேருந்து நிறுத்தத்தில் தப்பான பேருந்துக்காகக் காத்திருக்கிறார், அவரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. மீதியைப் படிக்கப் போகிறேன்.