உவரியிலிருந்து: பாய்க் கயிறு பிடித்த கை

மாணவர்கள் பாய்மரக் கப்பலில் ஏறிக் கப்பலோட்டப் பழகுவது பற்றி வந்த ஒரு கட்டுரையைப் படித்ததும் அப்பா ஞாபகம்தான் வந்தது. அப்பா, சரக்கு ஏற்றிப்போகும் தூத்துக்குடித் தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவர். பத்தாம் வகுப்பு லீவில் என்னை உள்ளூர் வள்ளத்தில் ஏற்றி, பாய்க் கயிற்றைக் கையில் கொடுத்தார். "கையில சுத்தாதல, காத்து இழுத்தா விரலு போயிரும்." முதல் பாடமே அதுதான். மத்தியானத்துக்குள் உள்ளங்கை கன்றிவிட்டது. உப்புத் தண்ணீர் பட்டு எரிந்த எரிச்சல் இன்னும் மறக்கவில்லை. வீசுவது வடக்கே இருந்து வரும் வாடையா, கிழக்கே இருந்து வரும் கொண்டலா, மேற்கே இருந்து வரும் கச்சானா என்று கன்னத்தை வைத்தே சொல்லவும் அன்றுதான் பழகினேன்.

கட்டுரையில் வெளிநாட்டுக் கப்பல்கள் மட்டுமே வருகின்றன. நம் கடற்படையின் தரங்கிணி இந்தப் பயிற்சிக்கென்றே கோவாவில் கட்டி, 1997இல் பணிக்கு வந்த கப்பல். மூன்று பாய்மரம், 20 பாய். 2003-04இல் உலகத்தையே சுற்றி வந்தது. அப்புறம் 2012இல் சுதர்சினியும் சேர்ந்தது. என்ஜின் இருந்தாலும், பயிற்சிக்கு வருகிறவர்கள் பாய்மரத்தில் ஏறிப் பாயைச் சுருட்டத்தான் வேண்டும். காற்றையும் நீரோட்டத்தையும் உடம்பால் அறிய வேறு வழி கிடையாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தோணிகளுக்கும் என்ஜின் வந்துவிட்டது. பாய் மட்டும் கட்டி ஓட்டிய பழைய தண்டல்கள் (தோணியை நடத்துகிற தலைவர்கள்) இருக்கும்போதே நம் கடற்கரைப் பிள்ளைகளை அவர்களிடம் உட்கார வைக்க வேண்டும். ரொம்ப நாள் தள்ளிப்போட முடியாது.

மகள் கல்லூரியில் என்சிசி (தேசிய மாணவர் படை) கடற்படைப் பிரிவில் இருக்கிறாள். போன மாதம் படகில் பாய் விரித்துப் பழகிவிட்டு வந்தாள். கையைக் காட்டச் சொன்னேன். எனக்குக் கன்றிய அதே இடத்தில் அவளுக்கும் கன்றியிருந்தது.