அந்தக் கோடுகள் நரம்புகள் அல்ல

ஞாயிற்றுக்கிழமை கும்பகோணம் கூட்டத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். பேசியவரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர் திரையில் போட்ட படத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு வட்டங்கள். ஒன்றில் மெலிசாகச் சில கோடுகள், இன்னொன்றில் வண்ண வண்ணமாக நூல்கண்டு போல. "இது தூங்குகிற மூளை, இது மேஜிக் காளானால் விழித்துக்கொண்ட மூளை" என்றார். அரங்கமே கைதட்டியது. நான் எழுந்து, "ஐயா, அந்தக் கோடுகள் நரம்புகள் இல்லை" என்றேன். "உட்காருங்கம்மா, கேள்வி நேரம் அப்புறம்" என்றார்கள். கேள்வி நேரம் வரவே இல்லை.

சரி, இங்கே சொல்கிறேன். அது 2014-ல் வெளியான ஒரு ஆய்வுக் கட்டுரையின் படம். மனதை மயக்கும் அந்தக் காளானில் இருக்கும் சைலோசிபின் என்ற வேதிப்பொருளை ஊசியில் ஏற்றி, எஃப்எம்ஆர்ஐ என்ற மூளை ஸ்கேனில் பார்த்துப் போட்ட கணக்கு. அந்த ஸ்கேனுக்கு நரம்பு தெரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறி இறங்குவதுதான் தெரியும். இரண்டு இடங்களில் அது சேர்ந்தாற்போல் ஏறி இறங்கினால் 'இணைப்பு' என்கிறார்கள். அதிலும் ஓரளவுக்கு மேல் வலுவானவற்றை மட்டும்தான் கோடாகப் போட்டிருக்கிறார்கள். முதல் வட்டம் தூங்குகிறவர்களின் மூளையும் இல்லை. மருந்து ஏறாமல் விழித்துப் படுத்திருந்தவர்களின் மூளை.

சைலோசிபின் உடம்புக்குள் சைலோசினாக மாறி, மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வழக்கமாக வந்து ஒட்டும் இடங்களில் ஒரு வகையான 2ஏ ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. அப்போது ஒரே அணியாக வேலை செய்யும் பகுதிகளுக்குள் ஒத்திசைவு குறைகிறது. தனித்தனியாக இருந்த அணிகளுக்கு நடுவே கூடுகிறது. 'நான், எனது' என்று மனம் தன்னைப் பற்றியே ஓடும்போது வேலை செய்கிற டிஃபால்ட் மோட் வலைப்பின்னல்தான் அதிகமாகக் குலைகிறது. 2024-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஏழு பேரைத் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். மருந்து இறங்கியதும் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்கும் அந்த வலைப்பின்னலுக்கும் இடையே இருந்த இணைப்பு மட்டும் வாரக்கணக்கில் குறைந்தே இருந்தது. குறைந்து! கூடி இல்லை. இதை ஏன் மேடையில் சொல்லவில்லை?

கூடுதல் இணைப்பு என்றால் கூடுதல் அறிவு இல்லை. நம் ஊர்க்காரர்களுக்கா இது புரியாது? மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரித்து, மதகு வைத்து, முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். சம்பா நட்ட இருபதாம் நாள் கரை உடைந்து எல்லா வயலும் ஒரே தண்ணீராக நின்றபோது, வயல்கள் இணைந்துவிட்டன என்று யாராவது கைதட்டினோமா? வண்டலும் படியலாம், பயிரும் அழுகலாம். தண்ணீரை எப்படி வடிக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

ஆராய்ச்சிக்கு எதிரி என்பீர்கள். இல்லை. வேறு மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வுக்கு, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் இதைக் கொடுக்கலாம் என்று ஆஸ்திரேலியா 2023 ஜூலையில் வழிவிட்டது. அங்கே பக்கத்தில் ஆள் இருக்கிறார், அளவு இருக்கிறது. சித்தர்களுக்குத் தெரியாததா என்று கேட்பவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

"நீ என்ன டாக்டரா?" என்று கமெண்டில் ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. பள்ளியில் அறிவியல் சொல்லித்தருகிறவள். அதைவிட முக்கியமாக, என் தம்பிக்கு அக்கா.

தம்பி கல்லூரி இரண்டாம் வருடம் படித்தபோது வீட்டுக்கு வந்தான். மோட்டார் கொட்டகைச் சத்தம், காக்கா கரைவது, பக்கத்து வீட்டு ரேடியோ, எல்லாம் சேர்ந்து தன்னைப் பற்றித்தான் பேசுகின்றன என்றான். அவனுக்கு எல்லாமே எல்லாவற்றோடும் இணைந்துதான் இருந்தது. சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு, பருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசை வைப்பான். சாப்பிட மாட்டான். மனநோய் தீர வேண்டிப் போகும் குணசீலம் பெருமாள் கோயிலில் நாற்பத்தெட்டு நாள் தங்கினோம். அப்புறம்தான் ஆஸ்பத்திரி. பதினோரு வருடமாக மாத்திரை. இப்போது மாடு பார்க்கிறான், சிரிக்கிறான். காளான் மயக்கமும் அவன் நோயும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவனைப் போல மனச்சிதைவு உள்ளவர்களையும், நெருங்கிய ரத்த உறவில் அது உள்ளவர்களையும் இந்த ஆய்வுகளில் பொதுவாகச் சேர்ப்பதே இல்லை. மேடையில் அதைச் சொல்ல எத்தனை நொடி ஆகியிருக்கும்?

திங்கட்கிழமை ராத்திரி தம்பி போனை நீட்டினான். அதே வீடியோ.

"அக்கா, இதைச் சாப்பிட்டா மாத்திரையை நிறுத்திடலாமா?"

"இல்லடா" என்றேன்.

"அப்ப ஏன் எல்லாரும் கைதட்டுறாங்க?"

கூட்டம் நடத்தியவர்களே, வீடியோவை நீக்கச் சொல்லவில்லை. மனச்சிதைவு இருப்பவர்களும், வீட்டில் அது இருப்பவர்களும் தொடவே கூடாது, மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது என்று அந்தப் படத்துக்குக் கீழே இரண்டு வரி போடுங்கள். புதன்கிழமையே செய்தி அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டீர்கள் என்று காட்டுகிறது.