மாறாத முதலையா?
"டைனோசர் காலத்திலிருந்து முதலை மாறவே இல்லை" என்று முதலைகளைப் பற்றிய இந்தக் கட்டுரையில் ஒரே வரியில் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்று நாம் பார்க்கும் முதலைகள் அந்தப் பெரிய வம்சத்தில் மிஞ்சிய ஒரு கிளை மட்டும்தான். ஜுராசிக் காலத்தில் மெட்ரியோரிங்கிட் என்ற வகை முழுக்கக் கடலிலேயே வாழ்ந்தது. கால்களுக்குப் பதில் துடுப்பு, மீன் மாதிரி வால், முதுகில் எலும்புத் தகடே கிடையாது. மடகாஸ்கரில் புதைபடிவமாகக் கிடைத்த சிமோசூக்கஸ் என்ற பழங்கால முதலை இன்னும் விசித்திரம். முக்கால் மீட்டர் நீளம், சப்பை மூக்கு, இலை வடிவப் பற்கள், தரையில் வாழ்க்கை. இலை தழை தின்றிருக்கும் என்கிறார்கள். முதலை சைவம் என்றால் எங்கள் ஊர் டீக்கடையில் நம்பவே மாட்டார்கள்! மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர் மதுரை யானைமலையில் தோண்டினால் இப்படி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். கிடைக்காது ஐயா. மதுரையைச் சுற்றியுள்ள யானைமலை, சமணர் மலை எல்லாம் டைனோசருக்கு வெகு முன்பே பூமிக்கடியில் வெந்து உருமாறிய பாறை. அதில் எலும்பு தங்காது. அதற்கு அரியலூர் பக்கம் போக வேண்டும். அங்கே கல்லமேடு என்ற இடத்தின் டைனோசர் காலப் பாறைப் படிவுகளில் சிமோசூக்கஸ் போன்ற ஒன்றின் பல் கிடைத்ததாக 2013-இல் ஆய்வுக் கட்டுரையே வந்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலம் என்பதால் அந்தப் பல் முக்கியம். கட்டுரையாளர் ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று சுற்றியவர், மதுரையிலிருந்து சில மணி நேரத்தில் போகக்கூடிய அரியலூரை ஏன் விட்டார் என்றுதான் தெரியவில்லை.